செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு படமும் அதன் மீதான விமர்சனங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் பார்த்துவிட்டுக் கலைவதை விடுத்து, ஒரே படத்தைப் பற்றிய விமர்சனக் கருத்துகளைத் தொடர்ந்து விவாதிப்பது என்ற சென்ற பொதுக்குழுவின் தீர்மானத்தை ஏற்று, எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஸ்டான்லி டோனன் இயக்கி 1954இல் வெளிவந்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்தைச் செயற்குழு தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மலைக்காட்டில் வாழும் ஏழு சகோதரர்கள் மணப்பெண் தேடும் கதையைப் பாட்டும் நடனமுமாகச் சொல்லும் படம் இது. அமிதாப் பச்சன் நடித்த ‘சத்தே பே சத்தா’ (1982) வழியாகக் கதையை முன்பே அறிந்திருந்த மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு மூலப்படம் இதுவே முதல் அறிமுகம்.

நடனத்தைப் பொறுத்தவரை கருத்து வேறுபாடு எழவில்லை. காட்டில் மரம் வெட்டி முரட்டுத்தனமாக வாழும் ஆண்கள் நடனமாடினால் நம்பும்படி இருக்குமா என்ற தயக்கம் நடன அமைப்பாளர் மைக்கேல் கிட்டுக்கே இருந்தது. அதனால்தான் மரம் வெட்டுவது, பலகைமேல் நடப்பது, மல்லுக்கட்டுவது என அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே அசைவுகளை எடுத்துக்கொண்டார். ஊர் கூடிக் களஞ்சியம் எழுப்பும் காட்சி இன்றளவும் பாராட்டப்படுவதற்குக் காரணம், நியூயார்க் சிட்டி பாலே நடனக் குழுவின் ஜாக் தாம்புவாஸ், உடற்பயிற்சி வித்தையில் தேர்ந்த ரஸ் டாம்ப்ளின் போன்றோரின் திறமை மட்டுமன்று. பெண்களிடம் பணிவாக நடக்கக் கற்றுக்கொண்ட தம்பிமார், ஊர் இளைஞர்கள் சீண்டச்சீண்டப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கைகலப்பில் இறங்கும் கதையையும் அந்த ஆட்டமே சொல்லிவிடுகிறது. பேஸ்பால் வீரராக இருந்து நடிக்க வந்த ஜெஃப் ரிச்சர்ட்ஸுக்கு ஆடத் தெரியாது என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பலர் கவனித்தனர்.

எம்.ஜி.எம். அதே ஆண்டின் ‘பிரிகடூன்’ படத்தையே பெரிதும் நம்பி இதன் செலவைக் குறைத்ததால், மலைகளில் பெரும்பகுதி தீட்டிய திரைச்சீலைகளாகவே நிற்கின்றன. இது குறையே என்றாலும் சிறிய குறை என்பது அடியேனின் கருத்து.

நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கடத்தல்தான். மூத்தவன் ஆடமின் தூண்டுதலால் தம்பிமார் அறுவரும் ஆறு பெண்களைத் தூக்கிவர, பனிச்சரிவு கணவாயை அடைத்துவிட, இளவேனில் வருவதற்குள் அப்பெண்கள் அவர்களையே விரும்பிவிடுகிறார்கள். இதை வேடிக்கையாகக் காட்டுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று என்று பெண்ணிய நோக்கில் பலரும் எழுதியிருப்பதை நம் மகளிர் உறுப்பினர்கள் முழுமையாக ஆதரித்தனர். பழைய படத்தை அதன் காலத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்ற மறுமொழி வழக்கம்போல் எழுந்தது. ஆனால் அந்தச் சமாதானம் படத்துக்குத் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பண்டைய ரோமானியர் அண்டை இனமான சபைன் பெண்களைக் கவர்ந்துசென்ற கதையை ஆடம் எடுப்பது, மனைவி மில்லி கொண்டுவந்த, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் நூலிலிருந்து. அதைக் கேட்டுச் செய்த காரியத்துக்காகத் தம்பிமாரை வீட்டை விட்டு வெளியேற்றித் தொழுவத்தில் தங்கவைப்பவளும் அவளே. தனக்கு ஒரு மகள் பிறந்த பிறகே, பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன்களின் ஆத்திரம் ஆடமுக்குப் புரிகிறது. ஆக, தவறு தவறென்பதைப் படம் அறிந்தே இருக்கிறது. அறிந்தும், கடத்தப்பட்டவர்களுக்கு ஊர் திரும்பும் ஆசையே இல்லாதபடி எழுதி, மில்லியின் குழந்தையைத் தன்னுடையதே என்று ஒவ்வொருத்தியும் தேடிவந்த தகப்பன்களிடம் சொல்லக் கட்டாயக் கல்யாணத்தில் முடித்திருப்பதுதான் மன்னிக்கக் கடினமானது. இந்தக் கடைசிக் கருத்தை விவாதத்தில் சொன்னவர் ஓர் உறுப்பினர்; அவருக்கு எவரிடமிருந்தும் தக்க பதில் வரவில்லை.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும், இசைக்கான விருதும், 2004இல் பாதுகாக்கத் தக்க படங்களைப் பட்டியலிடும் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் கிடைத்த இடமும் விவாதத்தில் சான்றாகக் காட்டப்பட்டன. விருதுகள் இக்கேள்விக்கு விடையாகா என்று தலைவர் ஒதுக்கிவைத்தது சரியே.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டுக்கு டோரிஸ் டே நடித்த ‘கலாமிட்டி ஜேன்’ (1953) படத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. துப்பாக்கி ஏந்திய பெண்ணையே நடுவில் வைத்த அப்படத்தோடு இதை ஒப்பிட வேண்டும் என்பது மகளிர் உறுப்பினர்களின் கோரிக்கை. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்