தூதுவரிடம் மகஜர் கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வருகிறார் என்று தெரிந்தால் நமது ஊர்களில் மகஜர் (கோரிக்கை மனு) எழுதத் தொடங்கிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். 1948இல் தொடங்கி காணி, காணாமலாக்கப்பட்டோர், கடல், காடு, குளம் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதியதெல்லாம் உண்மை. ஆனாலும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்பதை நாம் அறிந்திருந்தால் அந்த மகஜரை வேறு மாதிரி எழுதுவோம்.

தூதுவரை அவருடைய நாடு தன் விருப்பத்துக்கு அனுப்பிவிட முடியாது. பெயரை முன்கூட்டியே கொழும்புக்கு அனுப்பிச் சம்மதம் கேட்க வேண்டும். கொழும்பு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. வந்தபின் நற்சான்றுப் பத்திரத்தை ஜனாதிபதியிடம் கையளிப்பார். பொதுநலவாய நாட்டவரானால் உயர்ஸ்தானிகர் என்போம், வேலை ஒன்றுதான். பெரும்பாலானோர் இருப்பது மூன்று, நான்கு வருடம். தொடக்கத்தில் சில மாதங்கள் ஆட்களை அறிவதிலும் கடைசிச் சில மாதங்கள் விடைபெறுவதிலும் போய்விடும். ஆகவே மகஜர் கொடுக்கும் முன் அவர் எப்போது பதவியேற்றார் என்று பாருங்கள்.

அதே உடன்படிக்கையின் 41ஆம் உறுப்புரை, உள்நாட்டு விடயங்களில் தலையிடாதே, உத்தியோகபூர்வ அலுவல்களை வெளிவிவகார அமைச்சின் ஊடாகச் செய் என்று அவரைக் கட்டுகிறது. அரச அதிபருக்கோ படைத்தளபதிக்கோ அவர் கட்டளையிட முடியாது. "எங்கள் காணியை விடுவித்துத் தாருங்கள்" என்று கேட்டால் தலையசைத்துவிட்டுப் போவார். நமக்கு உதவுவது 3ஆம் உறுப்புரை. இந்நாட்டு நிலைமைகளைச் சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்கு அறிவிப்பது அவருடைய கடமை என்கிறது அது. பயணம் முடிந்து கொழும்புக்குத் திரும்பியதும் அரசியல் பிரிவின் செயலாளர் ஒருவர் தலைநகருக்கு ஒன்றிரண்டு பக்க அறிக்கை எழுதுவார். இடம், திகதி, எண்ணிக்கை, திணைக்களத்தின் பெயர் ஆகியவை அதில் ஏறும். "எமது நிலங்கள் பறிபோகின்றன" என்ற வசனம் ஏறாது.

காணிப் பிரச்சினை என்றால் ஒரே ஒரு ஏ4 தாள் போதும், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் என்று தொடங்குங்கள். கையில் இருப்பது காணி உறுதிப்பத்திரமா, பேர்மிற்றா (அரச காணிக்கான அனுமதிப்பத்திரமா)? யுத்தத்தில் பேர்மிற் தொலைந்திருந்தால், பிரதேச செயலகப் பதிவேட்டில் உள்ள இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். எல்லைக்கல் நாட்டியது வன இலாகாவா, தொல்லியல் திணைக்களமா, படையா, எந்தத் திகதியில்? பிரதேச செயலருக்கு எப்போது கடிதம் கொடுத்தீர்கள், பதில் வந்ததா? காணியைச் சிவப்புப் பேனாவால் அடையாளமிட்ட வரைபடம் ஒன்றை இணையுங்கள். கடைசியில் ஒரு கோரிக்கை, ஒன்றே ஒன்று. "காணி அமைச்சருடனான அடுத்த சந்திப்பில் இதை எழுப்புங்கள்" என்பது அவரால் செய்யக்கூடியது.

பாதிக்கப்பட்டவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் அந்தத் தாளில் வேண்டாம். மகஜர் கைமாறும்போது எத்தனையோ கமெராக்கள் நிற்கும். அடுத்த நாள் அது முகநூலில் இருக்கும். அந்த விபரங்களைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு, கூட வரும் அதிகாரியின் கையில் கொடுங்கள்.

ஒரு மணிநேரச் சந்திப்பில் மொழிபெயர்ப்புக்கே ஏறக்குறைய பாதி போய்விடும். மாலை, பொன்னாடை, படம் என்று இன்னும் பத்து நிமிடம். மிஞ்சுவது இருபது நிமிடம். பத்துப் பேர் பேசினால் எதுவும் பதியாது, இருவர் பேசினால் பதியும்.

எந்த நாட்டிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். ஏற்றுமதிப் பொருட்களுக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையும் அதனோடு கட்டப்பட்ட 27 சர்வதேசச் சமவாயங்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விடயம். முகமாலைக் கண்ணிவெடி பற்றிப் பேசுவதானால் அந்த வேலைக்கு நிதி தரும் ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா போன்றவர்களிடம் பேசுங்கள். இலங்கை 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்ததையும் நினைவூட்டுங்கள். ஜெனீவா மனித உரிமைகள் பேரவை பெப்ரவரி-மார்ச், ஜூன்-ஜூலை, செப்டெம்பர்-ஒக்டோபர் காலங்களில் கூடுகிறது. அங்கே பேசுகிறவர் வேறொரு தூதுவர், அந்நாட்டின் நிரந்தரப் பிரதிநிதி. நமது தாள் கொழும்பிலிருந்து தலைநகர் போய் அவரிடம் சேர வேண்டும் என்பதால் அமர்வுக்கு ஒன்றரை மாதம் முன்பாவது கொடுங்கள்.

மகனின் விசா மறுக்கப்பட்டதைத் தூதுவரிடம் முறையிடுவதால் பயனில்லை, அந்த முடிவு விசா அதிகாரிகளுடையது. வளைகுடாவில் பிள்ளை சிறைப்பட்டால் அந்நாட்டின் கொழும்புத் தூதரக வாசலில் நிற்பதும் வீண் அலைச்சல். அங்குள்ள இலங்கைத் தூதரகமே பொறுப்பு. கொன்சியூலர் உறவுகள் (வெளிநாட்டிலுள்ள தன் குடிமக்களுக்கு உதவும் பணி) பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை, கைதானவரைச் சந்திக்கும் உரிமையை அதற்குக் கொடுக்கிறது. கடவுச்சீட்டு இலக்கத்தோடு போங்கள்.

தூதுவர் மாறிப்போவார். அரசியல் பிரிவில் வேலை செய்யும் நம் நாட்டு உத்தியோகத்தர்கள் பல வருடம் அங்கேயே இருப்பார்கள். அவர்களின் மின்னஞ்சலை வாங்கி வைத்து, புதியவர் வந்ததும் அதே தாளைப் புதுத் திகதியோடு அனுப்புங்கள். நோர்வே கொழும்புத் தூதரகத்தை 2023இல் மூடிவிட்டது. இலங்கைக்கும் இப்போது புதுடில்லியிலுள்ள தூதுவரே பொறுப்பு. பழைய விலாசத்துக்குப் போடும் கடிதம் எவர் கையிலும் சேராது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தூதுவர்களின் வன்னி வருகைச் செய்தியை வெளியிடும்போது, படத்தோடு அவர் பதவியேற்ற திகதியையும் தூதரக அரசியல் பிரிவின் முகவரியையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
பரந்தன்.