கூடத்துத் தக்காளியும் ஜன்னல் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் சென்ற வாரம் வெளியான, வீட்டுக்குள்ளேயே தக்காளி வளர்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தொட்டியின் அளவு, மண்கலவை, மண்புழு உரம், பஞ்சகவ்யம் என்று பலவற்றை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், செடியை எந்தத் திசை ஜன்னலில் வைப்பது, எந்த மாதத்தில் விதைப்பது என்ற இரண்டையும் சொல்லவில்லை. வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சென்னையில் மூன்றாவது மாடியில் வசிப்பவன் நான். மொட்டைமாடியில் தொட்டி வைக்கக் குடியிருப்போர் சங்கம் இசையாததால் கூடத்து ஜன்னலோரத்திலேயே தக்காளி வளர்க்கிறேன். முதல் இரண்டு முயற்சிகளில் ஒரு பழத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவன் என்ற முறையில், அந்த ஒரு வரியால் பலருடைய விதையும் உழைப்பும் வீணாகும் என்று அஞ்சி இதை எழுதுகிறேன்.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோதுதான் எனக்கும் இந்த ஆசை பிறந்தது. உடனே விதைத்தேன். நாற்று ஒரே வாரத்தில் ஒரு விரல் நீளம் வளர்ந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெளிச்சம் போதாத நாற்றுதான் அப்படித் தண்டை நீட்டிக்கொண்டு ஓடும் என்பது அப்போது தெரியாது. தண்டு நூலாக இளைத்து, நான்காவது இலை விட்டதும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஊட்டம் போதவில்லை என்று எண்ணி மேலும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டேன். பசித்தவனுக்குப் பாய் விரித்தது போலத்தான் அது.

நம் கண் இந்த விஷயத்தில் நம்மை நன்றாக ஏமாற்றும். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற கூடம் நமக்கு வெளிச்சமானதுதான். ஆனால் கைபேசியில் ஒளி அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தபோது, கூடத்தின் நடுவில் 300 லக்ஸ்கூட (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரவில்லை. திறந்தவெளியில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். தக்காளியோ நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர்வெயில் கேட்கும் செடி. ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடுகிறது. ஜன்னலில் அடித்திருக்கும் கொசுவலையும் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. அதில் படிந்திருந்த தூசியைக் கழுவியதற்கே அளவில் வேறுபாடு தெரிந்தது.

எந்த ஜன்னல் என்பது அடுத்த கேள்வி. எங்கள் கூடத்து ஜன்னல் தெற்கு பார்த்தது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே ஊரெல்லாம் வெயில் கொளுத்தும் வைகாசியில் எங்கள் தெற்கு ஜன்னலுக்குள் ஒரு கீற்று வெயிலும் விழுவதில்லை. மார்கழியிலும் தையிலுமோ சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால், சன்ஷேடையும் தாண்டி இரண்டடி தூரம் தரையில் வெயில் படுகிறது. நான் ஆடியில் விதைத்தபோது சூரியன் வீட்டின் மறுபக்கத்தில் இருந்தது என்பதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வடக்கு ஜன்னல் மட்டுமே உள்ளவர்கள் தக்காளியை விட்டுவிட்டுப் புதினாவோடு நிற்பது நல்லது. கிழக்கு ஜன்னல் உள்ளவர்களுக்குக் காலை வெயில் ஓரளவு கைகொடுக்கும்.

நல்ல வேளையாக, தெற்கு ஜன்னலில் வெயில் விழும் அந்த மாதங்கள்தாம் தக்காளிக்கும் உகந்தவை. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நீடித்தால் தக்காளியில் மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிரத் தொடங்கும். சென்னையின் மே மாத இரவுகள் 28 டிகிரியை ஒட்டியே இருப்பவை. ஜனவரியில் அது 21 அளவுக்கு இறங்கும். அதனால் இப்போது நான் அடைமழை சற்று ஓய்ந்ததும் கார்த்திகை முதல் வாரத்தில் விதைக்கிறேன். இருபத்தைந்து நாள் நாற்றை ஓரடி அகலமுள்ள வளர்ப்புப் பைக்கு மாற்றினால் தைப் பொங்கலை ஒட்டிப் பூ வந்துவிடுகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கித் தந்த பி.கே.எம். 1 ரகம் கொடியாக ஓடாமல் குட்டையாக நிற்பதால் ஜன்னலோரத்துக்கு ஏற்றது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று மகரந்தச் சேர்க்கை. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் கவலையில்லை என்று நினைத்துவிடக்கூடாது. அதன் மகரந்தத்தூள் கூம்பு போன்ற குழலுக்குள் அடைபட்டிருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும். வயலில் காற்றும், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவிடும் கருவண்டும் அந்த வேலையைச் செய்கின்றன. கொசுவலை அடித்த கூடத்துக்குள் இரண்டுக்கும் வழியில்லை. என் இரண்டாம் முயற்சியில் பதினேழு பூக்கள் பூத்துப் பதினேழும் காம்போடு உதிர்ந்தன. இப்போது காலை பத்து மணிக்குமேல், பனி ஈரம் காய்ந்ததும், பேத்தி தன் பேட்டரி பல்துலக்கியின் பின்புறத்தைப் பூங்காம்பில் இரண்டு விநாடி வைத்து எடுக்கிறாள். கறுப்புக் காகிதத்தைக் கீழே பிடித்தால் மஞ்சள் பொடி உதிர்வது கண்ணுக்கே தெரியும். கடந்த பருவத்தில் நான்கு பைகளிலும் சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பழம் பறித்தோம்.

வெயிலுக்குப் பதிலாக விளக்குப் போடலாமே என்று கேட்கலாம். நாற்றுப் பருவத்திலும் மப்பு நாட்களிலும் ஒரு 40 வாட் எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் எரிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 29 யூனிட் ஆகிறது. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சிறு குடும்பங்களுக்கு இது தாங்கும். ஆனால் வெயிலே இல்லாத அறையில் விளக்கை மட்டும் நம்பிக் காய் பறிக்க வேண்டுமானால் இதைப்போல் பல மடங்கு செலவாகும். அந்தப் பணத்துக்குக் கோயம்பேட்டில் கூடைத் தக்காளியே வாங்கிவிடலாம். காய்கறிச் செலவை மிச்சப்படுத்தும் வழி என்று கட்டுரையின் தலைப்பு சொன்னாலும், இது அப்படிப்பட்ட வழி அல்லவே அல்ல. பை, தென்னைநார்க் கட்டி, விளக்கு எல்லாவற்றையும் கணக்கிட்டால் எங்கள் மூன்று கிலோ, கடைத் தக்காளியைவிடப் பல மடங்கு விலையானது. ரசத்தில் அதன் புளிப்பு வேறுதான். அதற்கு நான் விலை போடவில்லை.

பைக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிவிட வேண்டும் என்பதையும் தாங்கள் அவசியம் வெளியிட வேண்டும். டெங்கு கொசு முட்டையிட அந்த ஒரு விரற்கடை நீர் போதும். மாநகராட்சிப் பணியாளர் ஒருவர் எங்கள் தட்டில் புழுவைக் காட்டிய அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் கொஞ்சமல்ல.

தோட்டக்கலைத் துறைக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம் அடங்கிய ‘மாடித்தோட்டத் தளை’ என்ற தொகுப்பைத் துறை மானிய விலையில் வழங்குவது நல்ல திட்டம்தான். ஆனால் அது மொட்டைமாடி உள்ளவர்களை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. அடுக்ககவாசிகளுக்காக, ஜன்னலின் திசையும் அதற்கேற்ற விதைப்பு மாதமும் அச்சிட்ட ஒற்றைத் தாளையாவது அதில் சேர்க்கலாம்.

கட்டுரையை நம்பி இந்தக் கோடையிலேயே விதைத்துவிட்ட தங்கள் வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுடைய தக்காளி நாற்று நூலாக நீண்டிருந்தால் உரம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மீதி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் படாமல் கார்த்திகை வரை வைத்திருந்தாலும் அது முளைக்கும். அதுவரை அந்தப் பை காலியாகக் கிடக்காமல் இருக்க, ஜன்னலை ஒட்டி வைத்து வெந்தயக் கீரை தூவிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சென்னை.