நான்கு எண்களும் ஒரு திருத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெல்ஜியத்தில் பிறந்த கணித அறிஞர் இங்ரிட் டோபெஷி பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஒரு பிழையும் எனக்கொரு மனக்குறையும் உண்டு.

செல்போனில் நாம் எடுக்கும் படங்களை அவருடைய வேவ்லெட் கணிதம் (படத்தைச் சிறுசிறு அலைத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) சுருக்கித் தருவதாக எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. நாம் பகிரும் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் (JPEG) என்ற சுருக்க முறையில் இருப்பவை. அதன் உள்ளே இருப்பது நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம், அதாவது படத்தைக் கொசைன் அலைகளின் கூட்டலாக மாற்றி எழுதும் கணக்கு. (நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல் இருக்கிறது, இல்லையா?) டோபெஷியைப் பார்க்க வேண்டுமானால் சினிமா தியேட்டருக்குப் போக வேண்டும். டி.சி.பி. என்ற டிஜிட்டல் சினிமா வடிவில் வரும் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டது. அதில் படப் புள்ளிகளின் அளவுகளைப் பெருக்கிக் கூட்டப் பயன்படும் வேவ்லெட் எண்களைக் கண்டவர்கள் ஆல்பர்ட் கோஹன், டோபெஷி, ஃபோவோ மூவரும்.

பழைய ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக நறுக்கும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் கட்டங்களின் ஓரம் பல்லிளிக்கும். முகத்தில் அது தெரிந்தால் போகிறது என்று விடலாம். கைரேகையில் கோடே அறுந்துபோகும். அமெரிக்க எஃப்.பி.ஐ. தன் கைரேகைக் கோப்புகளுக்கு 1993-இல், இப்படிக் கட்டங்களாக நறுக்காத வேவ்லெட் முறையை ஏற்றது இதனால்தான்.

இனி மனக்குறை. ‘இந்தக் கணிதம் மேதைகளுக்கு மட்டுமே புரியும்’ என்று முடித்துவிட்டீர்களே! அவருக்கு முன்பிருந்த வழவழப்பான வேவ்லெட்டுகள் இருபுறமும் முடிவில்லாமல் நீண்டன. கணினியில் போட வாலை வெட்டியாக வேண்டும். வெட்டினால் பிழை புகும். ஹங்கேரியக் கணித அறிஞர் ஹார் 1910-லேயே ஒரு வேவ்லெட்டை இரண்டு எண்களில் முடித்திருந்தார். ஆனால் அது படிக்கட்டு மாதிரி கரடுமுரடு. வெட்டவே தேவையில்லாதபடி, சில எண்களுக்குள் அடங்கும் வேவ்லெட்டை டோபெஷி தேடினார். 1988-இல் வெளியான அந்தக் குடும்பத்தில், ஹாரை அடுத்து வருவதற்கு நான்கே எண்கள்: 1+√3, 3+√3, 3−√3, 1−√3. ஒவ்வொன்றையும் 4√2-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுத்து வந்த நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக 1 வரும். முதல் எண்ணை மூன்றாவதாலும் இரண்டாவதை நான்காவதாலும் பெருக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம். √3 தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடும். வேலையில் இருந்த காலத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். √3 எல்லாம் அடிபட்டுப் பூஜ்ஜியம் விழுந்ததும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த எண்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்குத்தான் மேதை வேண்டும்.

அடுத்த முறை அறிஞரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சுருக்கி (அதற்குத்தான் வழி இருக்கிறதே), அந்த நான்கு எண்களுக்கு இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல்