கைடுகளுக்கு நடுவே ஒரு வெளியீடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எங்கள் சிறுகதைத் தொகுப்பின் வெளியீடு நல்லபடியாக முடிந்தது. "ஊர்க் கடையில் எதற்கப்பா? சென்னைப் புத்தகக் காட்சி வரைக்கும் பொறுத்திருக்கலாமே" என்று போனில் கேட்டாய். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை.

14 பேர் எழுதின தொகுப்பு. பாதிப் பேருக்கு அச்சில் வரும் முதல் கதை இதுதான். சென்னையில் வைத்தால் சிறப்பு விருந்தினர் வருவார், அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ள நாலு பேர் வருவார்கள். எழுதினவர்களின் வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் நடந்தே வந்து சேருகிற தூரத்தில் நடக்க வேண்டும் என்று நினைத்தோம். அவ்வளவுதான் காரணம்.

கடைதான் உனக்குத் தெரியுமே. முன்னால் முழுக்க நோட்டு, பேனா, பத்தாம் வகுப்பு கைடு, டிஎன்பிஎஸ்சி புத்தகங்கள். கதை கவிதைக்கு உள்ளே ஒரே ஒரு அலமாரி. அன்றைக்குக் கைடுக் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டோம். இடம் பற்றாமல் இளவட்டங்கள் அந்தக் கட்டுகள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் உட்கார்ந்து கதைத் தொகுப்பு போடுவதில் ஒரு பயமும் உண்டு. பக்கத்து ஊர் இடைசெவலில் மட்டும் சாகித்திய அகாதெமி விருது இரண்டு. கு. அழகிரிசாமிக்கு 1970, கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனுக்கு 1991. அப்புறம் பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019. இந்த வட்டாரத்தில் எதை எழுதினாலும் "இதை அவர் அப்பவே எழுதிட்டாரே" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். ஆனால் கி.ரா. தன் கதையோடு நின்றவரில்லை. மற்றவர்கள் எழுதினதையும் திரட்டி 'கரிசல் கதைகள்' என்று தொகுத்தவர். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினோம்.

வேலையில் பெரும்பாடு மெய்ப்புப் பார்ப்பது இல்லை. யார் கதை முதலில் என்பதுதான். மூத்தவர் முதலில் என்றால் இளையவருக்கு முகம் சுண்டுகிறது, நல்ல கதை முதலில் என்றால் எது நல்லது என்று யார் சொல்வது? கடைசியில் அகர வரிசை. 'வ'வில் ஆரம்பிக்கிற ஒருவருக்கு இன்னும் என்மேல் கோபம்தான்.

ஒரு பெண், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், கதையைக் கொடுத்துவிட்டு, "பேரு மட்டும் போடாதீங்க சார், வீட்டுல தெரிஞ்சா வம்பு" என்றாள். தொகுப்பில் ஆகச் சிறந்த கதை அது. புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னோம், எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் குறுந்தொகை ஞாபகம் வந்தது. தொகுத்த பூரிக்கோவுக்கோ அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கோ சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. அதற்காகப் பாட்டைத் தள்ளிவிடவில்லை, பாட்டில் இருக்கும் தொடரையே பெயராக வைத்தார்கள். 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்', அதாவது ஆட்கள் போய்விட்டு அணில் மட்டும் விளையாடுகிற வீட்டு முற்றம், என்று பாடினவர் அணிலாடு முன்றிலார் ஆனார். (இந்த வரியை வீட்டில் சொன்னாலே உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நீ போனதிலிருந்து அப்படித்தான்.)

அவள் கதையில், வீட்டில் பெட்டி ஒட்டிக் காயவைத்துவிட்டு அது காய்வதற்குள் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் கதை முழுவதையும் சொல்லிவிடுவாள். 'பசை காயும் பொழுதுக்குள்' என்று ஒரு இடத்தில் வரும். பொருளடக்கத்தில் பசைகாய் பொழுதினார் என்று போட்டோம். சொன்னதும் சிரித்துவிட்டாள். விழாவுக்கும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன் கதையை வேறொருத்தி வாசிப்பதை யாரோ எழுதினது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லாரையும் விட ஒரு நொடி தாமதமாகக் கை தட்டினாள்.

பொன்னாடை வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டேன். வாழ்த்துரையும் ஒன்றே ஒன்று. எழுதினவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் வாசித்தார்கள், கடலை மிட்டாயும் டீயும் கொடுத்தோம், முடிந்தது. முதல் பிரதியைக் கடைக்காரரே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார். இலவசமாகக் கொடுக்கிற புத்தகம் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதேதான். எழுதினவர்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு பிரதி சும்மா. மற்றபடி சொந்தக்காரர்கள் உட்பட எல்லாரும் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். உன் சித்தப்பா ரொம்ப நேரம் பர்ஸைத் தடவினார்.

மிச்சப் பிரதிகள் கடையிலேயே இருக்கின்றன. விற்றால் வழக்கமான கழிவு போக மீதி நமக்கு. கைடு வாங்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்று கூரியரில் இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். விலை பின்னட்டையில் இருக்கிறது, ஜிபேயில் போட்டுவிடு. கூரியர் செலவு மட்டும் அப்பா கணக்கு.

அன்புடன்,
அப்பா