விளாவிக் குடிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு ஆட்டோல மைக் கட்டிட்டுப் போறாங்கம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நீ வளைகாப்புப் புடவைக்குப் போய்விட்டாய். எனக்கு அதற்கப்புறம் புடவை எதுவும் மனதில் ஏறவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

2015 டிசம்பரில் நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய், அதனால் சென்னை ஜாபர்கான்பேட்டை வீட்டில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு அடையாற்றில் வெள்ளம் வந்த அந்த ராத்திரி, தரைக்கடியில் இருந்த நம் தண்ணீர்த் தொட்டி, அந்தச் சம்பு, முழுக்க முங்கிப்போனது. வெள்ளம் வடிந்ததும் வீட்டு ஓனர் மேலாக்க இருந்த சேற்றை மட்டும் வழித்துவிட்டு மோட்டாரைப் போட்டார், அந்தத் தண்ணீர் அப்படியே மொட்டைமாடி டேங்குக்கு ஏறியது. அப்போதும் இதே மாதிரி காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். நாங்களும் பத்து நாள் காய்ச்சினோம். யாருக்கும் வாந்தி பேதி வரவில்லை என்றதும் விட்டுவிட்டோம். ஜனவரியில், ஊரே வெள்ளத்தை மறந்து பொங்கல் வைத்து முடித்த பிறகு, அப்பாவுக்குக் கண் மஞ்சளானது. நான் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாலு நாளை வீணாக்கினேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னார், தண்ணீரால் வருகிற காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே வருமாம். அதனால் இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

உனக்கு ஏழாவது மாதம், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் ஏ, ஈ என்று இரண்டு காமாலையும் தண்ணீரில் வரும். ஈ வகை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வந்து போய்விடும், ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் தாய்க்கு உயிராபத்து, நூறு பேரில் இருபது இருபத்தைந்து பேர் வரைக்கும் பிழைக்காமல் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, கண்ணு. நன்றாகக் கொதித்த தண்ணீரில் அந்தக் கிருமி சாகும், அவ்வளவு சுலபமாகத் தடுக்கக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன்.

"மெட்ரோ வாட்டர் சுத்தம் பண்ணித்தானே அனுப்புகிறது" என்று மாப்பிள்ளை கேட்பார். நியாயம்தான். அவர்கள் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நம் ஊரில் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. விட்டு நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும், அந்த நேரத்தில் பூமிக்குள் பக்கத்தில் ஓடுகிற சாக்கடை விரிசல் வழியாகவும் இணைப்பு வழியாகவும் உள்ளே இறங்கிவிடும். மழை நாளில் மண்ணே ஊறிக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம். தெருவில் யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் அழுக்கையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறார்கள். அதனால் தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைச் சம்புக்குள் விடாதே, கொஞ்ச நேரம் வெளியே ஓட விடு. குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்காதே, அது நல்லதுதான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மெட்ரோ வாட்டர் ஆள் வந்தால் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல், மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டாலோ, தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தாலோ உடனே மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916-க்கு போன் பண்ணு, பக்கத்து வீட்டுக்காரர் பண்ணுவார் என்று இருக்காதே.

இப்போது காய்ச்சுகிற விஷயம். ஓரத்தில் குமிழி வந்ததும் அடுப்பை அணைப்பாய் நீ, எனக்குத் தெரியும். தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்ததை அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிடு. முக்கியமாக, சூடாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக் குடிக்காதே! இது நம் வீட்டுப் பழக்கம், உன் பாட்டி காலத்திலிருந்து எல்லோரும் செய்வது, நானும் உனக்கு அப்படித்தான் கொடுத்து வளர்த்தேன். ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் போதும், காய்ச்சியதெல்லாம் வீண். பாத்திரத்துக்குள் கையோடு தம்ளரை முக்கி எடுக்காதே, நீளக் கைப்பிடி கரண்டி வைத்துக்கொள். பல் தேய்த்து வாய் கொப்பளிக்கவும் ஆறின தண்ணீர்தான். சட்னிக்குக் கொத்தமல்லி, புதினா அலசுவதும் அதில்தான். வெளியே ஜூஸ், கரும்புச்சாறு இரண்டு மாதத்துக்கு வேண்டாம், உனக்கு ஆசையாக இருந்தாலும்.

ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்பாய். கடைசியாக எப்போது ஃபில்டர் மாற்றினீர்கள்? மாற்றும்வரை அதில் வருவதையும் காய்ச்சு.

சம்பு மூடி தரையோடு தரையாக இருந்ததைப் போன தடவை வந்தபோதே பார்த்தேன். மழைத் தண்ணீர் அதற்குள் போகாமல் இருந்திருக்காது. முழுதாக இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், மேல் டேங்கையும்தான். கழுவ வருகிற ஆள் அவசரப்பட்டு இறங்காமல் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்ட பிறகுதான் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறோம். அதற்குள் சம்பு வேலையை முடித்துவிடு. இல்லாவிட்டால் அப்பா தானே இறங்கிக் கழுவுகிறேன் என்கிறார், அறுபத்திமூன்று வயதில்.

அன்புடன்,
அம்மா