ஏஐ-க்குச் சலுகை வேண்டாம், திட்டம் போடக் கற்றுக்கொடுங்கள்: வரலாற்று வியூக விளையாட்டு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். புதிய டிஎல்சி-யோடு (விளையாட்டுக்குக் காசு வாங்கி விற்கும் கூடுதல் பகுதி) நீங்கள் வெளியிட்ட பேட்ச் குறிப்பை (மாற்றங்களின் பட்டியல்) வரி விடாமல் படித்தோம். அரசவை உடைகளுக்கும், புது இசைக்கும், வரைபடத்தின் புது நிறங்களுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. கணினியே ஆடும் எதிராளியான ஏஐ-யைப் பற்றி மட்டும் ‘ஏஐ மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரே வரி. எதை மேம்படுத்தினீர்கள், எப்படி, எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை ஆண்டுகள் பொறுத்தவர்களை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏஐ-க்குச் சலுகை கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குத் திட்டம் போடக் கற்றுக்கொடுங்கள்.

கடினநிலையைக் கூட்டினால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எதிராளியின் கஜானா நிரம்புகிறது, படை பெருகுகிறது, புத்தி அப்படியே இருக்கிறது. சிவிலைசேஷன் 6 விளையாட்டின் உச்ச நிலையில் ஏஐ, நகரம் அமைக்கும் 3 குடியேறிகளோடு தொடங்கும், நமக்கு ஒருவர். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் வரலாற்றில் வென்ற சில நாடுகளுக்கு ‘அதிர்ஷ்ட நாடு’ என்று தனிச் சலுகையே உண்டு. வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு அபூர்வம். எதிரே உட்கார்ந்தவனுக்கு ஐந்து காயினை முன்கூட்டியே பாக்கெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவனைப் பெரிய ஆட்டக்காரன் என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குறைகள் பல. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம், கடல்வழிப் படையிறக்கம். துறைமுகத்தில் ஏஐ-யிடம் 24 படைப்பிரிவுகள் நிற்கின்றன. கப்பலில் 8 பிரிவுகளுக்குத்தான் இடம். முதல் 8 ஏறி, கரை சேர்ந்து, இறங்குகின்றன. எதிர்க்கரையில் ஆட்டக்காரர் 20 பிரிவுகளோடு காத்திருக்கிறார். ஒரு வாரத்தில் அந்த 8-ம் காலி. வெறுங்கப்பல் திரும்பிப் போய் அடுத்த 8-ஐ ஏற்றி வருகிறது, அதுவும் காலி. போர்க்கப்பல்களோ இன்னொரு கடலில் கொள்ளையரைத் துரத்திக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது முறை, காவல் இல்லாமல் வரும் கப்பல்களை ஆட்டக்காரரின் நாலு சின்னக் கப்பல்களே நடுக்கடலில் மூழ்கடித்துவிடும். பிறகு கூலிப்படை, அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, கடைசியில் திவால். நூறு ஆண்டு ஆட்டம் போட்டுக் கட்டிய பேரரசு, சமமாக நின்று ஒரு சண்டைகூடப் போடாமல் சரிகிறது. ஜெயித்தவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

காரணம் உங்கள் நிரலாளர்களுக்குத் தெரிந்ததுதான். தரைப்படைக்கு ஒரு நிரல், கடற்படைக்கு ஒரு நிரல், இரண்டும் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன. படையெடுப்பு என்ற முழு வேலைக்கு யாரும் பொறுப்பில்லை. போதாததற்கு இலக்குகளுக்கு மாதாமாதம் புதிதாக மதிப்பெண் போடப்படுகிறது. போன மாதம் 72 வாங்கிய கோட்டை இந்த மாதம் 70, பக்கத்துக் கோட்டை 71. உடனே படை திரும்பி நடக்கிறது, அடுத்த மாதம் மறுபடி இங்கே வருகிறது. வழியில் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் கணக்கு தனி.

இதற்கு வைத்தியம் எளிது. படையெடுப்பை ஒரே வேலையாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவில் எந்தப் படை, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் கூடுவது, எந்தக் கரையில் இறங்குவது எல்லாம் இருக்கட்டும். எதிர்க்கரையில் இருக்கும் படையைப் போல் ஒன்றரை மடங்கை முதல் நடையிலேயே இறக்க முடியாவிட்டால் கப்பல் கிளம்பக் கூடாது, முதலில் கப்பல் கட்டட்டும். போர்க்கப்பல் முன்னால் போய்க் கடலைப் பிடித்த பிறகே ஆளேற்றும் கப்பல் நகர வேண்டும். இறங்கிய படை தோற்றால் ஏறித் திரும்ப ஒரு துறைமுகத்தை முன்பே குறித்து வைக்க வேண்டும். இலக்கை மாற்றுவதானால் புதியது பழையதைவிடக் குறைந்தது 20 சதவீதம் அதிக மதிப்பெண் பெற்றிருக்கட்டும். இந்த ஒற்றை விதியே பாதி அலைச்சலை நிறுத்திவிடும் என்பது எங்கள் கணிப்பு.

பருவத்தையும் அதற்குச் சொல்லிக்கொடுங்கள். 1746 செப்டம்பரில் மதராசைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பல்கள், அக்டோபர் நடுவில் இதே கடலில் புயலில் சிக்கிச் சிதைந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சோழமண்டலக் கரையை விட்டு விலகுவது அந்தக் காலக் கடற்படைகளின் வழக்கம். காசிமேட்டில் கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். உங்கள் ஏஐ மட்டும் நவம்பரில் நங்கூரம் போட்டு நிற்கிறது.

ஏமாற்றி நடப்பதும் அதற்குத் தெரிய வேண்டும். 1769-இல் மைசூரின் ஹைதர் அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரும்படையைத் தூரத்துக்கு இழுத்துவிட்டு, சுமார் 6,000 குதிரைவீரர்களோடு மதராசின் வாசலுக்கே வந்து நின்றார். கோட்டையை முற்றுகையிடவே இல்லை, உடன்படிக்கை கையெழுத்தானது. அவர் மீதிருந்த பயத்தில் ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் மிச்சம் இன்றும் பழைய ஜெயில் ரோடுப் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. எதிரியின் படை எத்தனை நாள் தூரத்தில் இருக்கிறது, தலைநகரில் எத்தனை பேர் காவல் என்ற இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் போதும், ஏஐ-யும் இதைச் செய்யும். இன்றைக்கு அது எல்லைக் கோட்டைகளை வரிசையாக ஒவ்வொன்றாய் முற்றுகையிடத்தான் அறியும்.

கணினிக்குச் சுமை கூடும் என்பீர்கள். நியாயம். இங்கே பலர் 8 ஜிபி ராம் கொண்ட பழைய கணினியில்தான் ஆடுகிறார்கள், அது எங்களுக்கும் கவலை. ஆனால் எல்லா நாடும் ஒரே நாளில் யோசிக்க வேண்டியதில்லை. 300 நாடுகளை மாதத்தின் 30 நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 10 நாடு. போரில் இருப்பவர்களும் ஆட்டக்காரரின் அண்டை நாடுகளும் மட்டும் கூடுதலாக யோசிக்கட்டும். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டிய ஆல்பாஸ்டார் என்ற ஏஐ மாதிரி ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. இலக்கை வைத்துச் செயல்களைக் கோக்கும் முறையை ஃபியர் விளையாட்டு 2005-லேயே செய்து காட்டியது. அதைத்தான் கேட்கிறோம்.

ஆனால் ஆண்டுதோறும் வருவது இன்னொரு டிஎல்சி, இன்னொரு புது பட்டன். அந்த பட்டனை ஏஐ எப்போது அழுத்த வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு புது வசதியும் ஆட்டக்காரருக்கு மட்டுமே பலமாகிறது, எதிராளி இன்னும் பின்தங்குகிறது. அதைச் சரிக்கட்ட மறுபடி சலுகை. விளையாட்டைத் தாங்களே மாற்றி எழுதும், சம்பளம் வாங்காத மாட் எழுத்தாளர்கள் ராத்திரி கண்விழித்து இதைத் திருத்துகிறார்கள், அடுத்த பேட்சில் அதுவும் உடைகிறது. காசு வாங்குவது நீங்கள், வேலை செய்வது அவர்கள் என்றால் அது சரியில்லை.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறோம். சலுகை வேண்டாம், திட்டம் கொடுங்கள். கூட்டணிக்கு ஏன் மறுக்கிறது என்று ஏஐ-யின் காரணங்களைக் கூட்டிக் கழித்துக் காட்டுகிறீர்களே, அதே மாதிரி இந்தப் படை ஏன் இங்கே போகிறது என்பதையும் காட்டுங்கள். மனிதர் தலையிடாத 50 ஆட்டங்களை இரவில் ஓடவிட்டு, கரையிறங்கிய படைகளில் 30 நாளுக்குள் அழிந்தவை எத்தனை சதவீதம், ஒரு போரில் இலக்கு எத்தனை முறை மாறியது, எத்தனை நாடு திவாலானது என்ற மூன்று எண்களையும் வெளியிடுங்கள். திருத்தத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தெரியட்டும்.

சோதனைக்கு ஆள் வேண்டுமானால் நாங்கள் தயார். ஏஐ படையிறக்கத்தில் தோற்கும் ஆட்டங்களைச் சேமித்த சேவ் கோப்புகளை, எந்தத் தேதியில் எங்கே கோளாறு என்ற குறிப்போடு அனுப்புகிறோம். எந்த முகவரிக்கு அனுப்பலாம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து வியூக ஆட்டக்காரர்கள்