ஆண்டறிக்கை: நீராவிக் கலனும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது, கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைதான் (கோரம்) சேரவில்லை. பொங்கலுக்குக் கோலப்போட்டி, குடியரசு நாளில் கொடியேற்றம். மழைக்கு முன் ஊருணி வரத்துக்கால் தூர்வாரப்பட்டது.

ஊர்க் குப்பையை ஆவியில் அவிக்கும் நீராவிக் கலனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "குப்பையை அவித்து என்ன கண்டீர்கள்?" என்று தெருமுனையில் கேட்பவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. ஓர் ஈடு 40 கிலோ. பத்துப் பன்னிரண்டு கிலோ கருவேல விறகு. பெரிய ஆலைகளில் 150 டிகிரிக்கு மேலும் போவார்கள். நம் கலன் 121 டிகிரி, சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தத்தோடு சரி. அதனால் ஒரு மணி நேரம் விடுகிறோம். காகிதம், சோறு, மீன்கழிவு கூழாகி நாராக உதிரும். பைகள் சுருங்கிக் கட்டியாகும். தகரமும் கண்ணாடியும் லேபிள் கழன்று வரும். 12 மி.மீ. சல்லடையில் சலித்தால் நார் கீழே, காயலான் கடைக்குப் போவது மேலே. நன்றாக வெந்த நாரில் கிருமி அநேகமாக மிஞ்சாது. மக்கவைக்கும் நுண்ணுயிரும் அதோடு போய்விடுவதால், சாணக் கரைசல் தெளிக்காவிட்டால் சீக்கிரம் உரமாகாது. கச்சான் என்னும் மேல்காற்றில் சீக்கிரம் காயும், பறந்தும் போகும். வாடையில் காயாது, குவித்தால் புளித்து நாறும்.

முதல் ஈடுகள் வேகவில்லை என்பது உண்மை. அழுத்தமானி முள் ஒரு கிலோ காட்டினாலும் உள்ளே காற்று நின்றால் சூடு ஏறாது. இப்போது அடிவால்வைத் திறந்து, ஆவி சீராக வந்தபின் பத்து நிமிடம் விட்டே மூடுகிறோம். கிணற்று உப்புத் தண்ணீர் கொதிகலனில் காரை கட்டியதால் மழைநீர் மட்டுமே ஊற்றுகிறோம். ஆனால் முடிச்சுப் போட்ட பைக்குள் ஆவி நுழையாது என்று எத்தனை முறை சொல்வது? பேட்டரி, லைட்டர், ஸ்ப்ரே டப்பா இன்னும் வருகின்றன. உள்ளே லைட்டர் வெடித்தால் யார் பொறுப்பு?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு சற்றுக் கூடுதல். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சந்தா நிலுவை. வெளிநாட்டில் இருக்கிறோம் என்கிறார்கள். குப்பை மட்டும் உள்ளூரில்தான் இருக்கிறது.

ஊராட்சிக்கும், விறகு தந்த கரிமூட்டக்காரர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நார் உலர்த்தத் தகரக் கொட்டகை வேண்டும். அது கிடக்கட்டும்; கலன் கதவின் சிலிகான் வளையம் விரிசல் விட்டுவிட்டது, மாற்றும்வரை ஆவி உள்ளே நிற்காது. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்தும் அரைமணி நேரம் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்